கோதுமை, பால், முட்டையை நிறுத்தினால் தட்டில் என்ன வைப்பது?

கோதுமையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன்; அதனால் குடல் புண்ணாவது சீலியாக் நோய். அது இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடும்போது உடலில் உண்டாகும் எதிர்பொருள்களைத் தேடுகிறது. நிறுத்திச் சில வாரங்களோ மாதங்களோ ஆனபிறகு போனால் அவை குறைந்திருக்கும். நோய் இருந்தும் 'இல்லை' என்று அறிக்கை வரலாம். அதற்கப்புறம் உறுதி செய்ய வேண்டுமானால் வாரக்கணக்கில் மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். நிறுத்தி நிம்மதியாக இருப்பவர் அதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார். ஆகவே பரிசோதனை முதலில், பத்தியம் பிறகு.

பாலுக்கும் முட்டைக்கும் இந்த அவசரம் இல்லை. ஆனால் எதற்காக நிறுத்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். காரணத்தைப் பொறுத்துக் கண்டிப்பின் அளவு மாறும்.

ஒவ்வாமை என்றால் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த உணவின் புரதத்தை எதிரியாகப் பார்க்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். இதில் துளி அளவும் ஆபத்து. இந்தக் கட்டுரையில் வரும் 'மீண்டும் சாப்பிட்டுப் பார்ப்பது' என்ற பகுதி இவர்களுக்கு இல்லவே இல்லை. அதை மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்கக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் கிடையாது. ரொட்டித்தூள் சிதறல்கூடக் குடலைப் புண்ணாக்கும். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் காரெல் டிக் இதைக் கோதுமையோடு இணைத்துக் காட்டும்வரை, இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு எந்த உணவு கெடுதல் செய்கிறது என்று தெரியாமல்தான் இருந்தார்கள். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்ப வந்தபோது நோயும் திரும்பியதும் அவர் கருத்துக்கு வலு சேர்த்தன. 1950-இல் அதை ஆய்வேடாகத் தந்தார்.

மூன்றாவது, ஜீரணிக்க முடியாமை. பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி குறைந்தால் வயிறு உப்பும், வாயு வரும், பேதியாகும். சங்கடம்தான், ஆபத்தில்லை. இங்கே கேள்வி 'சாப்பிடலாமா கூடாதா' என்பதல்ல, 'எவ்வளவு வரை' என்பதுதான்.

ஐஜிஜி எதிர்பொருளை அளந்து நூறு உணவுகளுக்குச் சிவப்பு, பச்சை போட்டுத் தரும் பரிசோதனைகள் விற்கின்றன. பணத்தை வீணாக்காதீர்கள். அந்த எதிர்பொருள், உடல் அந்த உணவைச் சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அடிக்கடி சாப்பிடுவது எதுவோ அதுவே சிவப்பில் வரும். ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதை நோயறியும் பரிசோதனையாக ஏற்கவில்லை.

குழந்தைகள், கர்ப்பிணிகள், எடை குறைந்தவர்கள், இன்சுலின் போடுபவர்கள், முன்பு உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோர் தாமாக இதைத் தொடங்க வேண்டாம். கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைக்குச் சந்தேகத்தின்பேரில் பாலையோ முட்டையையோ மாதக்கணக்கில் நிறுத்துவதில் தனி ஆபத்து உண்டு. முன்பு சொறியை மட்டும் தந்த உணவு, நெடுநாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் கொடுக்கும்போது உடனடி ஒவ்வாமையைக் கிளப்பிய நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

நிறுத்துவதற்கு முந்தைய வாரம்

இந்த வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போதும்: நேரம், சாப்பிட்டது, தொந்தரவு, அதற்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். தூக்கம், மலம், மாதவிடாய் நாள், புதிய மாத்திரை ஆகியவற்றையும் ஓரத்தில் குறியுங்கள். இந்த ஏழு நாள் கணக்கு இல்லாவிட்டால் பிறகு 'கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

நிறுத்துவது ஒன்றா பலவா? சந்தேகம் ஒன்றின்மேல் தெளிவாக இருந்தால் ஒன்றை மட்டும். தெளிவில்லை என்றால் இரண்டு. ஒரே நாளில் கோதுமை, பால், முட்டை, சர்க்கரை, காபி எல்லாவற்றையும் விடுகிறவர்கள் பத்தாம் நாளில் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதிலும் காபியைச் சேர்த்து விடுவது பெரிய தவறு. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஒரே நாளில் தலைவலியும் சோர்வும் பிடித்துக்கொள்ளும், வாரம் வரை நீளலாம். அது காபியால் வந்ததா கோதுமை போனதால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காபியை நிறுத்தாதீர்கள், அதில் ஊற்றும் பால் மட்டும் மாறட்டும்.

நாட்கணக்கு: இரண்டு முதல் நான்கு வாரம், சில தொந்தரவுகளுக்கு ஆறு வாரம் வரை. திருமணம், பயணம், தேர்வு வரும் மாதத்தில் தொடங்க வேண்டாம். தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். முடிவுத் தேதியையும் சேர்த்து.

பிறகு ஒவ்வொரு உணவுக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது என் உடம்புக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தது? சமையலில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? பாலை எடுத்துவிட்டு வெள்ளையாக இருக்கும் வேறொரு பானத்தை ஊற்றினால் இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும். மாற்று உணவில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதில் ஒரு கேள்வியை விட்டுவிடுவதால்தான்.

கோதுமை

உடம்புக்குக் கொடுப்பது: மாவுச்சத்து, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 12 கிராம் அளவில் புரதம், 10 கிராமுக்கு மேல் நார். வெள்ளை அரிசியில் புரதம் 7 கிராம், நார் 1 கிராம் அளவுதான். கோதுமையை நிறுத்தி வெள்ளை அரிசிக்கு மட்டும் மாறுகிறவருக்கு இரண்டாம் வாரம் மலச்சிக்கல் வருவது இதனால். 'குளூட்டன் இல்லாத உணவு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதது நார் இல்லாத உணவு.

தட்டில் வைக்க: அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, மக்காச்சோளம், குயினோவா, பக்வீட் (பெயரில் 'வீட்' இருந்தாலும் கோதுமைக்குச் சொந்தமில்லை), உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி. இவற்றில் நாளுக்குக் குறைந்தது இரண்டு வகை. எல்லா வேளையும் அரிசி, அரிசி மாவு, அரிசிப் பால் என்று போவதற்கு இன்னொரு காரணத்தாலும் தடை வேண்டும்: நெல் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஆர்சனிக்கை மற்ற தானியங்களைவிட அதிகம் இழுக்கும். அரிசியை ஆறு முதல் பத்துப் பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பால் கொடுக்கக் கூடாது.

ஓட்ஸ் விஷயம் கொஞ்சம் வழுக்கும். அதில் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி கலந்துவிடும். சீலியாக் உள்ளவர் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட ஓட்ஸ் மட்டும் வாங்க வேண்டும்; சர்வதேச அளவுகோலின்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்வதில்லை. முதல் சில மாதம் தவிர்த்துவிட்டு, பிறகு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

மைதா, ரவை, சேமியா, குஸ்குஸ், பல்கர், ஸ்பெல்ட் எல்லாம் கோதுமைதான். வெவ்வேறு பெயரில் விற்பதால் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

சமையலில் குளூட்டனின் வேலை இழுவை தருவது. மாவைப் பிடித்து வைப்பதும், உள்ளே உண்டாகும் காற்றைப் பொதிந்து வைப்பதும் அதுவே. வேறு மாவில் இந்த இரண்டையும் நாம் செயற்கையாகக் கொண்டுவர வேண்டும்.

தட்டை ரொட்டிக்கு வழி கொதிநீர். ஒரு கப் அரிசி அல்லது சோள மாவுக்கு முக்கால் முதல் ஒரு கப் தண்ணீரை உப்போடு தளதளவென்று கொதிக்கவைத்து, மாவைக் கொட்டிக் கிளறி, மூடி பத்து நிமிடம் விடுங்கள். சூட்டில் மாவுச்சத்தின் ஒரு பகுதி வெந்து பசையாகி, மாவைக் கட்டிப்பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். ஓரம் விரிசல் விட்டால் ஒரு கரண்டி வெந்நீர் சேருங்கள், மாவு சேர்க்காதீர்கள். ஆறிய மாவைத் தட்டினால் உடையும். அதனால் பிசைந்ததை ஈரத்துணியில் மூடி வைத்து, சூடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

புளிக்கவைத்துப் பேக் செய்யும் ரொட்டிக்கு இசப்கோல் உமி. 100 கிராம் மாவுக்கு 5–6 கிராம் உமி, 100–120 மில்லி தண்ணீர். மாவில் மூன்றில் ஒரு பங்கு மரவள்ளி அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மீதி சோளம், பக்வீட், கைக்குத்தல் அரிசி போன்ற கனமான மாவு. உமியை முதலில் தண்ணீரில் கரைத்து, கூழ்போல் இறுகியபின் மாவில் சேருங்கள்; உலர்வாகப் போட்டால் கட்டி தட்டும். ஒருமுறை மட்டும் உப்பவிட்டால் போதும். வெந்ததும் உள்வெப்பம் 96–98 டிகிரி செல்சியஸ் எட்டியிருக்க வேண்டும். அதன்பின் குறைந்தது இரண்டு மணி நேரம் கம்பித்தட்டில் ஆறட்டும். வாசனை பிடித்துச் சூட்டில் வெட்டியவர்கள்தான் 'உள்ளே பசையாக இருக்கிறது, வேகவில்லை' என்று குறைபடுவார்கள். மாவுச்சத்து இறுகுவதற்கு முன்பே கத்தி போட்டதன் பலன் அது.

குழம்பு, சூப் கெட்டியாக: ஒரு கப் திரவத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மக்காச்சோள ஸ்டார்ச் (கார்ன்ஃப்ளோர்), இரண்டு கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும்போது ஊற்றி ஒரு நிமிடம். நெடுநேரம் கொதித்தால் மறுபடி இளகும்.

கடையில் 'குளூட்டன் இல்லாதது' என்ற பெயரில் கிடைக்கும் பிஸ்கட்டும் கேக்கும் பெரும்பாலும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கொழுப்பும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ரத்தச் சர்க்கரை அளவு சட்டென்று ஏறும். அவசரத்துக்கு ஒன்று இரண்டு இருக்கட்டும், அன்றாட உணவாக வேண்டாம்.

பால்

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: உங்களுக்குப் பிரச்சினை லாக்டோஸா, பால் புரதமா?

லாக்டோஸ் என்றால் பாலை முற்றாக விட வேண்டியதே இல்லை. ஒரு கப் பாலில், அதாவது 250 மில்லியில், 12 கிராம் அளவு லாக்டோஸ் இருக்கும். பலருக்கு அவ்வளவையும் ஒரே தடவையில் பெரிய தொந்தரவில்லாமல் தாங்க முடியும், சாப்பாட்டோடு சேர்த்தால் இன்னும் சுலபம். தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியை உடைக்கவும் குடலில் உதவுகின்றன. நாள்பட முதிர்ந்த கெட்டிச் சீஸில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. லாக்டோஸ் நீக்கிய பாலில் கால்சியமும் புரதமும் சாதாரணப் பாலைப் போலவே இருக்கும். சற்று இனிப்பாகத் தெரிவது சர்க்கரை சேர்த்ததால் அல்ல, லாக்டோஸ் இரண்டாக உடைந்திருப்பதால்.

புரத ஒவ்வாமை என்றால் இதில் எதுவும் உதவாது. லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பாலுக்கு மாறச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்: பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது, இரண்டின் புரதங்களும் அவ்வளவு நெருக்கம். நெய்யிலும் புரதத்தின் மிச்சம் இருக்கக்கூடும்.

உடம்புக்குப் பால் கொடுப்பது: ஒரு கப்பில் 8 கிராம் புரதம், 300 மில்லிகிராம் அளவு கால்சியம், பி12, ரிபோஃபிளேவின், அயோடின். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு வேண்டிய கால்சியம் சுமார் 1000 மில்லிகிராம், 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 1200.

மாற்றுப் பால்களில் புரதக் கணக்கைப் பாருங்கள். சோயாப் பால் ஒரு கப்பில் 7–8 கிராம். ஓட்ஸ் பால் 2–4. பாதாம் பால் சுமார் 1. பாதாம் பால் பெயரில் பாதாம், பெட்டியில் பெரும்பாலும் தண்ணீர். கால்சியம் சேர்த்தது என்றால் 100 மில்லியில் 120 மில்லிகிராம் என்ற அளவில் அச்சிட்டிருக்கும், இல்லாததை வாங்காதீர்கள். சேர்த்த கால்சியம் அடியில் வண்டலாகப் படியும். குலுக்காமல் ஊற்றினால் கடைசிக் கப் குடிப்பவருக்குத்தான் எல்லாம்.

பெட்டிப் பால் வேண்டாம் என்பவருக்கு: 60 கிராம் கேழ்வரகு மாவில் 200 மில்லிகிராம் அளவு, கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு 100 கிராமில் 350 வரை, முள்ளோடு தின்னும் மத்தி மீன் 100 கிராமில் 380 அளவு, தோல் நீக்காத எள் ஒரு மேசைக்கரண்டியில் 90 அளவு. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் இந்தக் கால்சியத்தின் பெரும்பகுதி தோலோடு போய்விடுகிறது. கீரைகளில் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பாலக் கீரையில் கால்சியம் நிறைய, ஆனால் ஆக்சலேட் அதைக் கட்டிவைத்திருப்பதால் உடம்பில் சேர்வது நூற்றுக்கு 5 பங்குதான். பாலில் 30 பங்கு அளவு சேரும். புரோக்கோலி, முட்டைக்கோஸ் வகைகளில் அளவு குறைவு, சேர்வது பாலைவிட அதிகம்.

பாலோடு முட்டையும் மீனும் நிறுத்துகிறவருக்கு அயோடினும் பி12-உம் ஒருசேரக் குறையும். அயோடின் கலந்த உப்பு அவசியம். இறைச்சியும் இல்லை என்றால் பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ வேண்டும், நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை, ஆனால் செடிகளில் அது நம்பும்படி கிடைப்பதில்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய வருடங்கள் ஆகும். அதனால்தான் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதத்தை இதில் ஏற்க முடியாது.

சமையலில்: சூடான காபியில் சோயாப் பால் திரிந்தால், காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தை உறையவைத்துவிட்டன என்று அர்த்தம். பாலைத் தனியே மிதமாகச் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றி, ஒரு நிமிடம் ஆறிய காபியை மெல்ல அதன்மேல் ஊற்றுங்கள். குழம்பில் பால்கொழுப்பின் செறிவு வேண்டுமென்றால் 50 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, 100 மில்லி தண்ணீரில் மைய அரைத்து அடுப்பை அணைக்கும் முன் சேருங்கள். தேங்காய்ப்பாலும் ஆகும், ஆனால் அதைக் கொழுப்பாகக் கணக்கிடுங்கள், பாலாக அல்ல.

முட்டை

ஒரு முட்டை 6 கிராம் புரதம். அதை ஈடுகட்ட மூன்றில் ஒரு பங்கு கப் வெந்த பருப்போ, 25 கிராம் வேர்க்கடலையோ போதும். இந்தப் பக்கம் கவலை இல்லை. கோலின் என்ற சத்து முட்டையில் மிகுதி, கர்ப்பிணிகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிரமம் சமையலில்தான், ஏனென்றால் முட்டை ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறது. எந்த வேலைக்கு என்று கேட்டு மாற்றைத் தேர்ந்தெடுங்கள்.

சேர்த்துப் பிடிக்க, அதாவது கட்லெட்டுக்கும் பிஸ்கட்டுக்கும்: ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளிவிதை, மூன்று கரண்டி தண்ணீர், பத்துப் பதினைந்து நிமிடம். வழுவழுப்பாக இழுக்க வேண்டும். முழு விதையைப் போட்டால் எதுவும் நடக்காது. ஈரப்பதத்துக்கு: 60 கிராம் மசித்த வாழைப்பழம், வாசனை தெரியும் என்பதை ஏற்றுக்கொண்டு. நுரைக்க: கொண்டைக்கடலை வெந்த நீர், ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி. நீர் முட்டை வெள்ளை போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் அடுப்பில் வைத்துச் சுண்டவையுங்கள், ஆறவிட்டு அடியுங்கள். கையால் அடித்தால் கை விட்டுப்போகும், மின் அடிப்பான் தேவை. உப்ப: ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி வினிகர், கலந்த உடனே அடுப்புக்குள் போக வேண்டும்.

மூன்று முட்டைக்கு மேல் கேட்கும் கேக்கில் இந்த மாற்றுகள் தோற்கும். அந்தக் கேக்கையே விட்டுவிட்டு முட்டையில்லாமல் எழுதப்பட்ட செய்முறையைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

சோயா, கடலை, கொட்டைகள்

வேர்க்கடலை பருப்பு வகை. பாதாம், முந்திரி, வால்நட் மரக்கொட்டை. ஒன்றுக்கு ஒவ்வாமை இருந்தால் மற்றதும் ஆகாது என்று கட்டாயமில்லை, மருத்துவரிடம் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கொழுப்புக்கும் மொறுமொறுப்புக்கும் பூசணி விதை, சூரியகாந்தி விதை. எள் தனி ஒவ்வாமைப் பொருள். அமெரிக்காவில் 2023 முதல் அதுவும் லேபிளில் கட்டாயம் குறிக்க வேண்டிய ஒன்பதாவது உணவு. சோயா ஆகாதவர்களுக்குத் துவரை, பயறு, கடலைப் பருப்புகள் பெரும்பாலும் ஆகும்.

வெங்காயமும் பூண்டும்

குடல் எரிச்சல் நோய்க்கு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த பத்தியத்தில் கோதுமையோடு இவையும் வெளியேறும். காரணம் குளூட்டன் அல்ல, ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை எண்ணெயில் மெல்லிய தீயில் பொன்னிறம் வரும்வரை வதக்கி, பல்லை முழுவதும் எடுத்து எறிந்துவிட்டு எண்ணெயைப் பயன்படுத்தினால் வாசனை வரும், வயிற்றுவலி வராது. குழம்பில் போட்டுக் கொதித்தபின் எடுத்துப் போடுவது பயன்படாது. அதற்குள் நீரில் இறங்கியிருக்கும். பூண்டு எண்ணெயை அறை வெப்பத்தில் சேமிக்காதீர்கள், காற்றில்லாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் நச்சு உண்டாகலாம். அன்றன்றைக்குச் செய்யுங்கள். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும்.

கோதுமையால் வயிறு உப்பும் ஒருவருக்கு வெங்காயத்தாலும் உப்பினால் சந்தேகத்தை ஃப்ரக்டான் பக்கம் திருப்புங்கள்.

மூன்றும் இல்லாத ஒரு நாள்

கோதுமை, பால், முட்டை மூன்றையும் விட்டவருக்கு ஒரு மாதிரிக் கணக்கு. காலையில் 60 கிராம் கேழ்வரகு மாவுக் கஞ்சி, கால்சியம் சேர்த்த சோயாப் பால் ஒரு கப், 20 கிராம் வேர்க்கடலை, ஒரு பழம். மதியம் 80 கிராம் அரிசியில் வடித்த சோறு, வெந்த கொண்டைக்கடலை 150 கிராம், எண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் ஒரு கப். மாலையில் எள் ஒரு மேசைக்கரண்டி, ஒரு பழம். இரவு வேகவைத்த உருளைக்கிழங்கு 200 கிராம், மீன் அல்லது டோஃபு 100 கிராம், காய்கறி. புரதம் 55–60 கிராம் அளவில் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அடிப்படைத் தேவை 48. கால்சியம் டோஃபு சேர்ந்தால் 1000-ஐத் தொடும், மீன் என்றால் 700–750 அளவில் நிற்கும். அன்று இன்னொரு கப் சோயாப் பால்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மெலிவது நோக்கமில்லாதபோது மாதத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தால், விட்டதை ஈடுகட்டவில்லை என்று பொருள். எண்ணெய், கொட்டை, கிழங்கின் அளவைக் கூட்டுங்கள்.

லேபிளும் அடுக்களையும்

பாலுக்கு மறுபெயர்: கேசின், கேசினேட், வே, பால் திடப்பொருள், மோர்த்தூள். முட்டைக்கு: அல்புமின், லைசோசைம். குளூட்டன் உள்ளவற்றுக்கு: மால்ட் சாறு (பார்லி), செமோலினா, கோதுமைப் புரதம். மால்டோடெக்ஸ்ட்ரினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெயர் ஒத்திருந்தாலும் அது மால்ட் அல்ல. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். மாத்திரைகளில் லாக்டோஸ் நிரப்பியாக இருக்கும். அளவு சிறிது என்பதால் லாக்டோஸ் தொந்தரவுக்காரருக்குப் பெரும்பாலும் பாதகமில்லை. மற்றவர்கள் மருந்தாளரைக் கேட்கவும், தாமாக நிறுத்த வேண்டாம்.

சீலியாக்கோ ஒவ்வாமையோ இருக்கும் வீட்டில் தனியாக வாங்க வேண்டியவை: சல்லடை, மரக்கரண்டி, மரப்பலகை, டோஸ்டர். இவற்றின் இடுக்கில் மாவு தங்கும், கழுவினாலும் போகாது. எஃகுப் பாத்திரம் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பொரித்த எண்ணெய் பொது என்றால் பொரித்ததும் பொதுதான். கோதுமை மாவு அள்ளும்போது தூசி பறக்கும். தனி உணவை முதலில் சமைத்து மூடிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

மீண்டும் கொண்டுவருதல்

நிறுத்தியதால் நலமானீர்கள் என்பது பாதிச் சான்று. நிறுத்திய அதே வாரத்தில் வெளிச்சாப்பாடு குறைந்திருக்கும், தூக்கம் சீராகியிருக்கும். திரும்பச் சாப்பிட்டுத் தொந்தரவு திரும்பினால்தான் வழக்கு முடிகிறது. குறித்து வைத்த முடிவுத் தேதி வரை எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அந்த உணவு நிரபராதி, பழையபடி சாப்பிடுங்கள். கூடவே இன்னும் இரண்டை நிறுத்தாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஓர் உணவு. மூன்று நாள் ஏறுமுகமாக, பிறகு மூன்று நாள் அது இல்லாமல். தொந்தரவு தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, முற்றாக அடங்கியபின் அடுத்த உணவு. மாதவிடாய் நாட்களிலும் ஆன்டிபயாட்டிக் எடுக்கும் வாரத்திலும் சோதனை வேண்டாம், குடல் தானாகவே மாறும்.

சோதிக்கும் பொருள் கலப்பில்லாமல் இருக்க வேண்டும். பிஸ்கட்டை வைத்துக் கோதுமையைச் சோதித்தால் பாலும் கொழுப்பும் கூடவே வரும். ரவையைத் தண்ணீரில் வேகவைத்து முதல் நாள் 20 கிராம், இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 80. முட்டையைக் கெட்டியாக வேகவைத்துக் கால் பாகம், அரை, முழுது. பாலை இரண்டு கட்டமாகப் பிரித்தால் கூடுதல் தகவல் கிடைக்கும்: முதலில் லாக்டோஸ் நீக்கிய பால் 60 மில்லி, 125, 250, மூன்று நாள் இடைவெளி, பிறகு சாதாரணப் பால் அதே அளவுகளில். முதலாவது ஒத்துக்கொண்டு இரண்டாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பிரச்சினை லாக்டோஸ், புரதம் அல்ல. லாக்டோஸ் தொந்தரவு பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

125-இல் ஒன்றும் இல்லை, 250-இல் வயிறு உப்புகிறது என்றால் உங்கள் அளவு அரைக் கப். காபிக்கு அது தாராளம். தயிரையும் சீஸையும் தனியே சோதித்து அவற்றுக்கான அளவையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நோட்டோடு மறுபடி ஒருமுறை முயன்று பாருங்கள், அளவு கூடியிருக்கலாம்.